தலை எந்த ஓட்டையில்?

ஒரு டிரெஸ்ஸுக்குள் தலையை விட்டுவிட்டு, வெளியே வர வழி தெரியாமல், இருட்டில் ரெண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதுவும் 890 டாலர் விலை போட்டிருந்த டிரெஸ்ஸுக்குள். கிழிந்தால் நாலு மாத மளிகைக் காசு போச்சு என்ற நினைப்பில் மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன்.

சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

பாஸ்டனுக்குப் படிக்க வந்து எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். ஒவ்வொரு ஜனவரி கடைசியிலும் எங்கள் துறையில் ஒரு விருந்து உண்டு. கொஞ்சம் டிப்டாப்பாக வர வேண்டும் என்பது விதி. போன வருடம் பட்டுப்புடவையில் போனேன். புடவைமேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே முக்கால் அடி பனி. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, கீழே பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நாற்று நடப் போகிறவள் மாதிரி நடந்து போய்ச் சேர்ந்தேன். அதனால் இந்த வருடம் டிரெஸ் வாங்குவது என்று முடிவு. கையில் 50 டாலர். கூட என் ரூம்மேட், ஹைதராபாத்துப் பெண். துணிக்கடை என்றால் அவளுக்குப் பசி, தூக்கம் எதுவும் கிடையாது.

போனது ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். பெயர் வேண்டாம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் இங்கே எல்லாக் கடைகளிலும் கழிவு விற்பனைதான். நம்மூர் ஆடித் தள்ளுபடி மாதிரி. என்ன, இங்கே கூட்டத்தில் யாரும் யார் காலையும் மிதிப்பதில்லை. மைக்கில் "வாங்கம்மா வாங்க" கிடையாது. அமைதியாகவே அடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் நல்ல பிள்ளையாக, எல்லோரும் வாங்குகிற டிரெஸ்கள் தொங்கும் பக்கம்தான் போனேன். இங்கே பெண்களின் உடுப்புக்கு 2, 4, 6, 8 என்று இரட்டைப் படையில் அளவு. 4 தோளுக்குச் சரி, இடுப்பில் இறங்கவில்லை. 8 இடுப்புக்குச் சரி, தோள் நழுவி முழங்கை வரை வந்தது. 6 எல்லா இடத்திலும் சமமாகத் தப்பு. என் உயரம் 4 அடி 11 அங்குலம். (கணக்காகச் சொன்னால் பதினொன்றுகூட இல்லை. விட்டுவிடுங்கள்.) குள்ளமானவர்களுக்கு என்று 'பெட்டீட்' பிரிவு ஒன்று தனியாக உண்டு. அங்கே நீளம் சரியாக இருந்தது, மற்றதெல்லாம் பழைய கதை.

ஒன்பது டிரெஸ் போட்டுப் பார்த்தேன். டிரையல் ரூமில் மூன்று பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேல் வெள்ளை டியூப் லைட். ஒவ்வொரு முறையும் மூன்று பேர் என்னைப் பார்த்து "உனக்கு எதுவும் சரியாக இல்லை" என்று சொல்கிற மாதிரி இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதற்கு முன் இரண்டு மாதமாக நான் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. விருந்துக்குள் ஒரு 4 நம்பர் டிரெஸ்ஸில் நுழைந்துவிட வேண்டும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. இரண்டு மாதப் பட்டினிக்கும் இடுப்பு எலும்பு நகரவில்லை. எலும்பு எப்படி நகரும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ரூம்மேட் ஒன்றும் கேட்கவில்லை. "வா, மேல் மாடியில் கோமாளி டிரெஸ்ஸா தொங்குது. காசா பணமா, போட்டுப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மேல் மாடியில் ஒரு மூலை. பெரிய பெரிய டிசைனர்களின் உடுப்புகளில் சீசன் முழுக்க யாரும் தொடாதவை எல்லாம் அங்கே ஒரே கம்பியில். விலைச்சீட்டைப் பார்த்தாலே ஒவ்வொன்றின் சோகக் கதையும் தெரிந்துவிடும். 890 அடித்து 534, அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி 267, அதன்மேல் இன்னொரு ஸ்டிக்கர்.

இந்த விலை இறக்கும் விஷயத்தில் பாஸ்டனுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஃபைலீன்ஸ் பேஸ்மென்ட் என்று ஒரு கடை 1909-ல் இங்கே ஆரம்பித்தது. பெரிய கடையின் அடித்தளத்தில் இருந்ததால் அந்தப் பெயர். ஆரம்ப கால விதி இதுதான்: ஒரு பொருள் 12 நாளில் விற்காவிட்டால் கால் பங்கு விலை குறையும், 18 நாளில் பாதி, 24 நாளில் முக்கால். 30 நாள் ஆகியும் போகாவிட்டால் தர்மத்துக்கு. வந்த தேதி சீட்டிலேயே இருக்கும். ஆகவே வாங்க வருகிறவர்களுக்கு இது சூதாட்டம் மாதிரி. இன்னும் ஆறு நாள் காத்திருந்தால் விலை இறங்கும், ஆனால் அதற்குள் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? சிலர் பிடித்த துணியை வேறு அடுக்கில் ஒளித்துவைத்துவிட்டுப் போவார்களாம். (தி.நகர் அத்தைகளே, நீங்கள் மட்டும் இல்லை!) அந்தப் பழைய இடம் 2007-ல் மூடப்பட்டது. 2011-ல் நிறுவனமே முடிந்துபோனது.

மூலைக்கு வருவோம். ஆளுக்கு மூன்று என்று அள்ளிக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனோம்.

முதலாவதுதான் மேலே சொன்ன 890 டாலர் இருட்டறை. கறுப்பு நிறம், கனத்த துணி. ஹேங்கரில் பார்த்தால் மடித்த குடை. ஓட்டைகளை எண்ணினேன், ஐந்து. எனக்கு ஒரு தலை, இரண்டு கை, கீழே ஒரு வழி. ஐந்தாவது எதற்கு? கையை விட வேண்டிய இடத்தில் தலையை விட்டு, தலையை விட வேண்டிய இடத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளேயிருந்து கத்தியதில் ரூம்மேட் ஓடி வந்தாள். வந்தவள் உதவி செய்யாமல் முதலில் போட்டோ எடுத்தாள். நட்பு!

இரண்டாவது சிவப்பு. வலது இடுப்புப் பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து ஒரு பெரிய புடைப்பு. போட்டதும் குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டேன். என்னை அறியாமல் ஒரு கை அதை அணைத்துப் பிடித்துக்கொண்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஆனால் இது வெறும் கோமாளித்தனம் இல்லையாம். இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஜப்பானைச் சேர்ந்த ரெய் கவாகுபோ. காம் தே கார்சோன் என்ற நிறுவனத்தை நடத்துபவர். 1997 வசந்தகால சீசனுக்காக அவர் செய்த உடுப்புகளில் முதுகிலும் வயிற்றிலும் இடுப்பிலும் பஞ்சு மெத்தைகளை வைத்துத் தைத்தார். உடம்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் இறுக்கிப் பிடித்துத் தைக்கும்போது, இப்படியும் இருந்தால் என்ன என்று கேட்கிற மாதிரி. பத்திரிகைகள் 'கட்டிகளும் புடைப்புகளும்' என்று கிண்டல் செய்தன. அவரோ ஜம்மென்று தன் வழியில் போனார். 2017-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவர் உடுப்புகளுக்கு என்றே ஒரு கண்காட்சி நடத்தியது. நான் போட்டது அவர் செய்ததல்ல, அந்த வழியில் வந்த யாரோ. ஆனால் அந்தக் குடத்தோடு கண்ணாடி முன் நின்றபோது ஒன்று புரிந்தது. கீழ் மாடியில் என் இடுப்பைப் பார்த்து அழுதவள், மேல் மாடியில் அதைப்போல நாலு மடங்கு இடுப்போடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதை அம்மாவுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இங்கே காலை பதினொன்று என்றால் ஊரில் இரவு ஒன்பதரை. சீரியல் முடிந்திருக்கும். வீடியோ காலில் கூப்பிட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு இருபத்தைந்து வருடமாக ஜாக்கெட் தைக்கிறாள். தெருவில் பாதிப் பேரின் அளவு அவளுடைய நீல நோட்டில் இருக்கிறது. பெயர், மார்பு, இடுப்பு, கை, கழுத்து. பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு: 'வலது தோள் இறக்கம்', 'கை தூக்கி வேலை, அக்குள் லூஸ்', 'ஆபரேஷன் ஆனவுக, இடுப்பு இறுக்கக் கூடாது'. அந்த நோட்டைச் சின்ன வயதில் எவ்வளவோ முறை புரட்டியிருக்கிறேன். அதில் எங்கேயும் 'சின்னது', 'நடு', 'பெரிசு' என்று கிடையாது.

போனில் என்னைப் பார்த்ததும், "ஏட்டி, என்ன கோலம் இது? ஒரு பக்கம் வீங்கியிருக்கு. எங்கயும் விழுந்துட்டியா?"

"டிசைன்ம்மா."

"எவ்வளவு?"

"புது விலை எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசியில், "திருப்பிக் காட்டு" என்றாள். முதுகைக் காட்டித் திரும்பினேன். "ஒன்னைய இல்லட்டி, துணிய. உள்பக்கத்தத் திருப்பிக் காட்டு."

கழற்றி உள்பக்கத்தைக் காட்டினேன். கேமராவைத் தையலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள். ஓவர்லாக் இல்லாமல் ஓரம் முழுக்கப் பட்டி வைத்து மூடியிருந்ததைப் பார்த்ததும் அம்மாவின் குரலே மாறிப்போனது. "கைவேலை தெரிஞ்சவன்தான் தச்சிருக்கான். பஞ்ச எங்க பிடிச்சிருக்கான் பாரு, நகராது. வேணும்னேதான் இப்பிடிச் செஞ்சிருக்கான்." கிண்டல் போய்விட்டது. "அடுத்ததக் காட்டு" என்றாள்.

மூன்றாவது, மெல்லிய பச்சை. முழுக்க முழுக்கக் கத்தி மடிப்பு மாதிரி பொடிப்பொடி மடிப்புகள். ஹேங்கரில் ஒரு முழம் அகலம்கூட இல்லை. இது என் ஒரு காலுக்குத்தான் போதும் என்று நினைத்துத்தான் போட்டேன். போட்டால் தோளில் உட்கார்ந்தது. இடுப்புக்கு விரிந்தது, கீழே திரும்பச் சுருங்கியது. உட்கார்ந்தேன், கையைத் தூக்கினேன், குனிந்தேன், எங்கேயும் பிடிக்கவில்லை. அன்றைக்குப் போட்ட பன்னிரண்டு டிரெஸ்ஸில் முதல் முறையாக ஒன்று எனக்குச் சரியாக இருந்தது. உள்ளே பார்த்தேன், அளவு நம்பரே இல்லை!

"அது எப்பிடிம்மா?"

"எப்பிடின்னா? ஒடம்புக்கு இடம் விட்டிருக்கான். சேலைக்கு யாராவது சைசு கேக்கமா?"

இந்த ஒரு வரியை அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். நான் டிரையல் ரூம் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த மடிப்பு உடுப்பைப் பிரபலமாக்கியவரும் ஜப்பான்காரர்தான். இஸ்ஸே மியாகே. 1938-ல் ஹிரோஷிமாவில் பிறந்தார், ஏழு வயதில் அணுகுண்டைப் பார்த்தார், 2022-ல் காலமானார். மற்றவர்கள் துணியை முதலில் மடித்துவிட்டுப் பிறகு வெட்டித் தைப்பார்கள். இவர் தலைகீழாகச் செய்தார். இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக ஒரு உடுப்பைத் தைத்து முடித்துவிட்டு, காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தினார். பாலியஸ்டர் சூட்டில் வாங்கிக்கொண்ட மடிப்பை விடாது. துவைத்தாலும் போகாது, இஸ்திரியும் வேண்டாம். 1991-ல் ஃபிராங்க்ஃபர்ட் பாலே நடனக்காரர்களுக்கு இப்படிச் செய்து கொடுத்தார். அவர்கள் சுலபமாகக் குதித்து ஆடினார்கள். 1993-ல் அதுவே 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்று தனி வரிசையாகக் கடைக்கு வந்தது. ஒரே துணியிலிருந்து உடுப்பு என்பது அவர் வாழ்நாள் முழுக்க யோசித்த விஷயம். நம் பாட்டிகள் யோசிக்காமலேயே தினமும் கட்டிக்கொண்ட விஷயம்!

அப்படியானால் கீழ் மாடியில் எனக்கு ஏன் ஒன்றும் சேரவில்லை? அன்று ராத்திரி தூக்கம் வராமல் இதைத் தேடிப் படித்தேன். 1939, 40 வருடங்களில் அமெரிக்க விவசாயத் துறை (ஆமாம், விவசாயத் துறைதான்!) சுமார் 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். கணக்கைப் போடும்போது வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதை ஒதுக்கிவிட்டார்கள். அந்த அளவுகளை அடிப்படையாக வைத்து 1958-ல் அரசாங்கமே பெண்கள் உடுப்புக்கு ஒரு அளவுத் தரம் வெளியிட்டது. அதை யாரும் கட்டாயம் பின்பற்ற வேண்டியதில்லை. 1983-ல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியதுதான் 4, தனக்குத் தோன்றியதுதான் 8. நம் நாட்டு நிலைமையும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நமக்கென்று ஒரு அளவு அட்டவணை வேண்டும் என்றுதான் நிஃப்ட் கல்லூரி, 6 நகரங்களில் 25,000 பேருக்கு மேல் அளப்பதற்கு 'இந்தியாசைஸ்' என்ற திட்டத்தையே எடுத்தது.

ஆக, நான் இரண்டு மாதம் அரைவயிறாகக் கிடந்தது எந்த நம்பருக்காகவோ, அந்த நம்பரை ஆரம்பித்து வைத்த அளவில் என்னைப்போல் ஒருத்திகூட இல்லை. அப்புறம் அது எனக்குச் சேரவில்லை என்று அழுதிருக்கிறேன். படித்தவளாம்!

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழா. மதுரையில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஃபிராக் பார்த்தேன். இடுப்பில் குறுக்காக மடிப்பு, ஒரு பக்கம் மட்டும் நீண்டு தொங்கும். கேட்டதும் அம்மா விலையைப் பார்த்தாள். அப்புறம் ஐந்து நிமிடம் அந்த ஃபிராக்கையே பார்த்தாள். ஊருக்கு வந்து தினத்தந்தித் தாளை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டி, மூன்று ராத்திரியில் தைத்துவிட்டாள். அச்சு அசல் அதேதான். இல்லை, அதைவிட நன்றாக, என் தோளுக்கும் என் இடுப்புக்கும். விழாவில் எல்லோரும் சுற்றி நின்று எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். "மதுரையில், பெரிய கடையில்" என்றேன். வீட்டில் தைத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. என் பெட்டியோடு அம்மா பந்தலுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அந்த ஃபிராக்தான் நான் போட்ட கடைசித் தைத்த உடுப்பு. பிறகு எல்லாம் ரெடிமேட். அம்மா தையல் சொல்லித்தர வந்தபோதும், "எனக்குப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

பச்சை டிரெஸ்ஸை வாங்கினேனா? இல்லை. அதற்கு ஒரு ஸ்டிக்கர்தான் விழுந்திருந்தது, இன்னும் 310 டாலர். மனசில்லாமல் திரும்ப மாட்டினேன்.

வாங்கியது நான்காவது. சாம்பல் நிறம். இடது தோளிலிருந்து ஒரு துண்டு முந்தானை மாதிரி இறங்குகிறது, கீழ் விளிம்பு கோணலாக ஓடுகிறது. 640-ல் ஆரம்பித்து ஐந்து ஸ்டிக்கர் தாண்டி 42 டாலருக்கு வந்திருந்தது. இந்த மாநிலத்தில் 175 டாலர் வரை உடுப்புக்கு விற்பனை வரி கிடையாது, அதனால் 42 என்றால் 42தான். ஒரே சிக்கல், இடுப்பில் பிடித்தது. பழைய நான் என்றால் அந்த இடத்திலேயே கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு வேளைப் பட்டினியைத் தொடங்கியிருப்பேன்.

அம்மா கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கிராஸ் கட்டிங்குட்டி இது. ஜாக்கெட்டுக்கு நான் போடுவேன்ல, அதேதான். முழு ஒடம்புக்கும் போட்டிருக்கான்." பாரிஸில் மெடலின் வியோனே என்ற அம்மையார் 1920-களில் இந்த வெட்டைப் பிரபலமாக்கினார் என்பதை நான் பிறகு படித்தேன். துணியை நேராக வைக்காமல் மூலைக்கு மூலை சாய்த்து வெட்டினால், பாவும் ஊடும் குறுக்காக நின்று துணி தானாக இழுத்துக் கொடுக்கும். கோவில்பட்டித் திண்ணைக்கு பாரிஸ் தெரியாது, ஆனால் வெட்டு தெரியும்.

"பக்கத் தையல்ல உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கான் பாரு."

விரலை வைத்துக் காட்டினேன். ஒரு இஞ்சு இருந்தது.

"முன்துணியில அரை, பின்துணியில அரை. ரெண்டு பக்கமும் விட்டா மொத்தம் ரெண்டு இஞ்சு. போதும்ட்டி ஒனக்கு. எடுத்துட்டு வா."

"யாரும்மா தைப்பா? இங்க டெய்லர் கூலி துணி விலையவிட ஜாஸ்தி."

"நீதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசியும் சாம்பல் நூலும் வாங்கி வந்து, போனைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். பழைய தையலைப் பிரிக்கவே ஒரு மணி நேரம். "இழுக்காத. கிராஸ் துணி, இழுத்தாச் சுருட்டிக்கிடும். அது போக்குல படுக்கட்டும்." பின்தையல் போடச் சொன்னாள். என் தையல் ரயில் தண்டவாளம் மாதிரி ஆரம்பித்து எறும்பு ஊர்வலம் மாதிரி முடிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழைய ஊசி ஓட்டை தெரியாமல் இருக்க ஆவி காட்டித் தேய்க்கச் சொன்னாள். மூன்றரை மணி நேரம் ஆனது. அவளுக்கு நடுராத்திரி. போய்ப் படு என்று நான் சொல்லவில்லை, அவளும் போகவில்லை.

போட்டுக் காட்டினேன். முன்னே, பின்னே, பக்கவாட்டில். கையைத் தூக்கச் சொன்னாள், உட்காரச் சொன்னாள்.

"நல்லாருக்கு" என்றாள். பிறகு, போனை வைக்கப் போகிற நேரத்தில், ரொம்பச் சாதாரணமாக, "யாராவது கேட்டா கடையில வாங்குனதுன்னே சொல்லிக்கோ. அது ஒண்ணும் பொய்யில்லல்லா" என்றாள்.

வைத்துவிட்டாள்.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மக்களே. அன்றைக்கு அவள் காதில் விழுந்திருக்கிறது.

விருந்தில் பக்கத்து லேப் பெண் ஒருத்தி டிரெஸ் எங்கே வாங்கியது என்று கேட்டாள். கடையைச் சொன்னேன். அத்தோடு நிறுத்தவில்லை. பக்கத் தையலைத் தூக்கிக் காட்டி, "இது மட்டும் நான் தைத்தது, எங்கம்மா சொல்லிக் கொடுத்து. எங்கம்மா டெய்லர்" என்றேன். என் எறும்பு ஊர்வலத்தை அவள் குனிந்து பார்த்தாள். "என் இடுப்புக்கு எதுவுமே சேருவதில்லை" என்றாள். பார்த்தால் ஆறடி உயரம், கொடி மாதிரி இருக்கிறாள். கடைப் பொம்மைக்கு உயிர் வந்த மாதிரி. அவளுக்கும் சேரவில்லையாம்! அப்புறம் அரை மணி நேரம் இருவரும் கிராஸ் கட்டிங் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை கேக்கும்.

அந்த ஃபிராக் பற்றி அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. போனில் பேசுகிற விஷயமாகத் தோன்றவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். திண்ணையில் உட்கார்ந்து, நீல நோட்டில் என் பக்கத்தைப் புதிதாக எழுதச் சொல்ல வேண்டும். பழைய பக்கத்தில் இன்னும் ஒன்பதாம் வகுப்பு அளவுதான் இருக்கும்.

பி.கு: கழிவு விற்பனைக்குக் கிளம்புகிறவர்களுக்கு டெய்லர் மகளின் மூன்று அறிவுரைகள்.
1. விலைச்சீட்டைப் பார்க்கும் முன் துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு உள்ளே துணி விட்டிருந்தால் பெரிதாக்கலாம். ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் ஆசைப்படாதீர்கள்.
2. நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்கார்ந்து பாருங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள்.
3. ஓட்டைகளை எண்ணிவிட்டுத் தலையை விடுங்கள் :-)